மிச்ச ஓட்டம்

ஊத்துமேட்டு வீரணன் தன்னுடைய அம்பாசிடர் காருக்கு முன்சக்கரம் ரெண்டிலும் டிரம் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டிய அன்றைக்குத்தான், கல்யாணம் காட்சிக்குக்கூடக் கடை வாசலை விட்டு அசையாத டீக்கடை சன்னாசி, தோளில் துண்டும் கையில் டீ வடிகட்டியுமாக எழுந்து, "இந்தா வந்துர்றேன்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு, கீழ்ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்து, தெருவைத் தாண்டி, ஊரைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்து போனார். ஊர் அதற்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அதை யார் இறக்கிவைப்பது என்பதுதான் அப்போதைக்குப் பிரச்சினை.

ஆனால் சன்னாசியிடம் ஆரம்பித்தால் கதை கோணலாகப் போய்விடும். இது ஜெயக்கொடியின் வலது காலில் ஆரம்பித்த கதை.

ஜெயக்கொடி வீரணனின் பெண்டாட்டி. அந்தக் கார் வீரணனுடைய அப்பா காலத்துக் கார். மேல்மலை ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றவும், மாப்பிள்ளை அழைக்கவும், சீக்காளியைத் தேனிக்குக் கொண்டுபோகவும் ஊத்துமேட்டுக்கு அது ஒன்றுதான். மலைரோடு முடிகிற இடத்தில் ஊர் ஆரம்பிக்கிறது, ஊர் என்பதே சரிவாக இறங்குகிற ஒரே தெரு. கல்யாணமாகி வந்த நாளில் இருந்து ஜெயக்கொடி எப்போது அந்தக் காரில் ஏறினாலும் முன்சீட்டில் இடது பக்கம் உட்காருவாள், உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு இறக்கத்துக்கும், எதிரே வருகிற ஒவ்வொரு லாரிக்கும், அங்கே இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பாள், வீடு வந்து சேரும்போது கெண்டைக்கால் கல்லாக இறுகிப்போயிருக்கும். மிதித்து மிதித்து அந்த இடத்தில் காருக்குள் விரித்த கால்மிதி கிழிந்து, மாற்றிப்போட்டதும் கிழிந்து, அடித்தகரமே அவள் குதிகால் அளவுக்குக் குழிந்துபோயிற்று.

"அங்கிட்டும் ஒரு பிரேக்கு வச்சுத் தந்துரவா?" என்று வீரணன் கேலி பண்ணுவான்.

"வைங்க, அப்பவாவது வண்டி நிக்கட்டும்" என்பாள் அவள்.

மகள் பாண்டிமீனாவை மேல்மலையில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்து, பலகாரம் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று, பாதி மலை இறங்கும்போதே பிரேக் லைனர் கருகுகிற நாற்றம் காருக்குள் வந்தது, வீரணன் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி ஓட்டினான், கடைசி வளைவுக்கு வரும்போது பிரேக் மிதி பஞ்சுக்குள் போவதுபோல உள்ளே போயிற்று, கார் அது பாட்டுக்குப் போனது, கியரைக் குறைத்தும் போனது, கைப்பிரேக்கை இழுத்தும் போனது, வளைவின் ஓரத்துத் தடுப்புக்கல்லில் முட்டி, கல்லின் மூலையைப் பெயர்த்துவிட்டு நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம். "நின்னுருச்சுல்ல" என்றான் வீரணன். ஜெயக்கொடி இறங்கி வீட்டுக்கு நடந்தே போனாள்.

அவன் வந்ததும் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சொன்னாள். "தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான். வயித்துப் பிள்ளையோட அவளை நான் அந்தக் காருல இறக்க மாட்டேன். பஸ்ஸு போடுற ஆட்டத்துக்கு அதுலயும் இறக்க மாட்டேன். எப்படி இறக்குவீங்களோ, அது உங்க பாடு."

வீரணன் மறுநாளே காசிம் ராவுத்தரின் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றான். ராவுத்தர் கரியும் கிரீஸுமாக எழுந்து வந்து, சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு விளக்கினார். "டிரம்முங்கிறது சட்டிக்குள்ள கையை விட்டு விரிச்சுப் பிடிக்கிற மாதிரி. சட்டி சூடானா பிடி வழுக்கும். டிஸ்க்குங்கிறது வெறும் தட்டு, ரெண்டு பக்கமும் இடுக்கி போட்டுப் பிடிக்கிறது. காத்துப் படும், சூடு தங்காது. பின்னால டிரம்மே இருக்கட்டும், முன்னால மாத்திருவோம்." சொன்னபடி, பழைய இரும்புக் கடையில் கிடந்த பிந்தைய மாடல் கார் ஒன்றிலிருந்து தட்டையும் இடுக்கியையும் கொண்டுவந்தார், தட்டை லேத் பட்டறையில் கொடுத்துச் சீவினார், மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தார், டிரம்முக்கென்று அழுத்தத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்கிற குட்டி வால்வு ஒன்று உள்ளே உண்டு, அதை விட்டுவைத்தால் டிஸ்க் விடாமல் கவ்விக்கொண்டே இருக்கும் என்று அதையும் எடுத்துக் கடாசினார்.

கடைசியில் குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். ராவுத்தர் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து மூட, வீரணன் பானட்டுக்குள் ஆயில் இறங்க இறங்க ஊற்ற, மிதிக்க ஆள் இல்லை. ஜெயக்கொடியைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்த்தினார்கள். அவள் காலுக்கடியில் நிஜமான பிரேக் வந்தது அன்றைக்குத்தான். "மிதி தங்கச்சி, மிதி, இன்னும் மிதி, இப்பப் பிடிச்சுக்க" என்று கீழே இருந்து குரல் வரும், அவள் பிடித்துக்கொள்வாள், காற்று புஸ்ஸென்று போகும், மறுபடி மிதிப்பாள், மறுபடி பிடிப்பாள், மிதி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டு வந்தது. "தங்கச்சி, பையத்தான். நீ மிதிக்கிற மிதிக்கு ஓஸுக் குழாயே பிச்சுக்கிட்டு வந்துரும்" என்றார் ராவுத்தர். ஜெயக்கொடிக்கு அந்த வேலை பிடித்திருந்தது, உள்ளே இன்னும் கொஞ்சம் காற்று இருக்கக்கூடாதா என்றிருந்தது.

பிறகு பூசை. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் ரோட்டுக்கு எடுப்பது. மூன்று பழத்தை வீரணன் டயரை ஒட்டி வைத்தான், இடது முன்சக்கரத்துக்கு ஜெயக்கொடி வைத்தாள், பயத்தில் நாலு சாண் தள்ளி வைத்துவிட்டாள். வீரணனுக்கோ தெருவே கூடி நிற்கையில் பிரேக்கைக் காட்டியாக வேண்டும். உறுமவிட்டு எடுத்தான், மூன்று பழம் நசுங்கிற்று, நாலாவதைத் தொடப்போகையில் ஓங்கி மிதித்தான், கார் ஆணி அடித்து வைத்ததுபோல நின்றது, பழம் டயரை ஒட்டிக்கொண்டு முழுசாகக் கிடந்தது. அடடா என்று ஆளாளுக்கு அதைக் கையில் எடுத்தார்கள், உருட்டிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், ஒரு கீறல் இல்லையே என்றார்கள். அதைத் திரும்ப வைத்து நசுக்க வேண்டும் என்று அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஜெயக்கொடி அதை வாங்கி முந்தானையில் முடிந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கு மாடத்தில் வைத்தாள்.

காருக்கு நேர் எதிரே கடை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்தான் சன்னாசி. போனவர் ரெண்டு நாள் கழித்து, புதுச்சட்டையோடு, பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். "நெஞ்சுல யாரோ உள்ளங்கையை வச்சு மெத்துனு தள்ளுன மாதிரி இருந்துச்சு. கால் அது பாட்டுக்குப் போயிருச்சு, போய்ப் பார்த்தா அவ வீட்டு வாசல்" என்றார். ஊர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. முன்னெல்லாம் மிதித்த பிறகும் கார் கொஞ்ச தூரம் போகும், அந்த ஓட்டத்தைச் சூடாகவும் நாற்றமாகவும் செலவழித்துவிட்டுத்தான் நிற்கும். இப்போது மிதித்த இடத்தில் நின்றுவிடுவதால் மிச்ச ஓட்டம் போக இடமில்லாமல் காரை விட்டு இறங்கி, எதிரே நிற்கிற ஆளுக்குள் ஏறிக்கொள்கிறது. எலுமிச்சம்பழம் நசுங்காததால் வந்த வினை என்று சில பேர் சொன்னார்கள். "எம்வேலை வண்டியை நிப்பாட்டுறது. நின்னுச்சா இல்லையா?" என்றார் ராவுத்தர். அதற்குமேல் காரணத்தைத் தேடிக்கொண்டு ஒருத்தரும் அலையவில்லை, எல்லாருக்கும் சோலி கிடந்தது.

ஊர் என்ன பண்ணிற்று என்றால், அதைப் பழகிக்கொண்டது. தண்ணீர் லாரி வருகிற நேரத்தைப் பழகிக்கொள்வதில்லையா, அப்படித்தான். டீக்கடைக்கு முன்னால் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள், சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வருகிற வீரணன் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும், போக வேண்டியவர்கள் கோட்டில் நிற்க வேண்டும் என்று பேச்சு. பெண் பார்த்துவிட்டு வந்து ஒரு பதிலும் சொல்லாமல் இழுத்தடித்தவன் நின்றான், அன்றைக்கே போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தான். சொத்தைப்பல்லை வெற்றிலையில் அடக்கிக்கொண்டு திரிந்தவர் நின்றார், பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தார். விருந்துக்கு வந்து மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்ட மருமகனை நாலு பேர் தந்திரமாகக் கூட்டிக்கொண்டுவந்து நிறுத்தினார்கள், அவன் அப்படியே சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். மெதுவாக வந்து நின்றால் மிச்சம் கொஞ்சம், வீட்டு வாசல் வரை போகும், வேகமாக வந்து நின்றால் கம்பம், குமுளி வரைக்கும் கொண்டுபோகும் என்று கணக்கும் பிடிபட்டது. ஒருநாள் வீரணன் ஞாபகமறதியாகப் பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டான், சுவர் நாலு எட்டு நகர்ந்து நின்றுகொண்டது, மைதானம் பெரிசானதில் வாத்தியாருக்குச் சந்தோசம்.

ஆனால் அந்த ஓட்டம் முழுசாகத் தீர்ந்துபோகிற ரகமில்லை. போய்விட்டு வந்தவர்களுக்குள் அடிவண்டலாகக் கொஞ்சம் தங்கிற்று. டீயை நின்றுகொண்டு குடித்தார்கள், நின்றுகொண்டும் குடிக்க முடியாமல் கிளாசோடு நடந்தார்கள், ரேசன் கடை வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள், கட்டிலில் படுத்தால் முழங்கால் துடித்தது, நாய்கள் படுத்த இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தன, அடுப்பில் வைத்ததை ஒருத்தியும் கடைசிவரை நின்று கிண்டவில்லை, ஊர் முழுக்கக் களி அடிப்பிடித்த வாசம்.

ஜெயக்கொடியும் ஒருநாள் கோட்டில் போய் நின்றாள். கார் வந்தது, நின்றது, பக்கத்தில் நின்ற ஆட்டுக்குட்டிகூட மலையைப் பார்த்து ஓடிற்று, அவள் மட்டும் நட்டுவைத்த கல்லாக நின்றாள். மறுநாளும் நின்று பார்த்தாள், அதே கதைதான்.

"உங்களுக்கு எங்கயும் போக வேண்டியதில்லையா மதினி?" என்று கேட்டார்கள்.

"எனக்கு எல்லாம் இங்கனதான கெடக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அழுகையாக வந்தது. வெங்காயம் அரிய உட்கார்ந்தாள், அரிகிறபோதும் அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. ஊரே பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டது, இவளுக்கு மட்டும் எடுக்க வரவில்லை.

வளைகாப்பு முடிந்து மீனாவைக் கூட்டிவந்தார்கள். மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பிரேக் கவ்விக் கவ்விப் பிடித்தது, நாற்றமில்லை, சூடில்லை, மிச்ச ஓட்டம் மட்டும் காருக்கு முன்னால் எட்டிக் குதித்துப் பள்ளத்தில் இறங்க, பள்ளத்துக் குரங்குகளெல்லாம் மூட்டை கட்டாத குறையாக அடுத்த மலைக்குக் குடிபோயின. "எம்மா, காரு அதுவா நிக்குதுல்ல, நீ எதுக்கு மிதிக்கிற?" என்று பின்சீட்டிலிருந்து மீனா சிரித்தாள். ஜெயக்கொடி குனிந்து பார்த்தாள். கால் அந்தக் குழிக்குள்தான் இருந்தது.

மாதம் நிறைந்தது. நர்ஸ் அமலோற்பவம் குறித்துக் கொடுத்த தேதியும் வந்தது, போயிற்று, அதற்கடுத்த வாரமும் போயிற்று. ஊர் முழுக்க ஒரு சீவன் ஒரு இடத்தில் தரிக்காமல் அலைந்துகொண்டிருக்க, மீனாவின் வயிற்றுப் பிள்ளை மட்டும் அசைவேனா என்று உட்கார்ந்திருந்தது. இடுப்புவலிக்கான சாடையே இல்லை. மீனா சுவரில் சாய்ந்துகொண்டு, ஒருநாளைக்கு ஒரு சுற்று வெளுத்துக்கொண்டு வந்தாள். நர்ஸ் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "துடிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா கிளம்புற நினைப்பே இல்லை. நாளைக்குக் காலையில தேனிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, ஆபரேசன் பண்ணித்தான் எடுக்கணும்" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து மீனா வாயில் தண்ணீர் வைக்கவில்லை. "என்னைய அறுக்க விடாதம்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்தவள் விடவில்லை.

சன்னாசிதான் ஆரம்பித்தார். "ஊரையே தள்ளிவிடுற காரு, இந்தப் பிள்ளையைத் தள்ளாதா?"

வீரணன் எழுந்துகொண்டான். "ஊருல உள்ளவன் அம்புட்டுப் பேரு முன்னாலயும் நிப்பாட்டுவேன். எம்மக முன்னால என்னால ஆகாது. அந்நேரத்துல கால் வராது, மாமா." இத்தனை மாசமாகத் தன் பிரேக்கைப் போல உண்டா என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் கார் சாவியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டான்.

"அப்ப நான் மிதிக்கிறேன்" என்றாள் ஜெயக்கொடி.

"உனக்கு என்ன வண்டி ஓட்டத் தெரியும்?"

"ஓட்டத் தெரியாது. நிறுத்தத் தெரியும்."

நர்ஸ் இதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நான் பையோட பக்கத்துல நிக்கிறேன்" என்றாள். ராவுத்தர் வந்து சக்கரங்களைச் சுற்றிப் பார்த்து, குழாயைத் தடவிப் பார்த்து, இன்ஜினைப் போட வேண்டாம், தெருச்சரிவே போதும், உருட்டிவிட்டால் அதுவாக வரும் என்றார்.

மத்தியான வெயிலில் காரைத் தெருவின் மேல்முனைக்குக் கொண்டுபோனார்கள். ஜெயக்கொடி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று வீரணன் அவள் எப்போதும் உட்காருகிற இடது பக்கத்தில் உட்கார்ந்தான். கீழே, சுண்ணாம்புக் கோட்டில், வயிற்றை ரெண்டு கையாலும் தாங்கிக்கொண்டு மீனா நின்றாள். மாடத்தில் இருந்த எலுமிச்சம்பழத்தை, அது இத்தனை நாளும் வாடாமலே இருந்தது, ஜெயக்கொடி கொடுத்தனுப்பியிருந்தாள், மீனாவின் காலடிக்கு ஒரு முழம் முன்னால் வைத்திருந்தார்கள். டயர் பழத்தைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது.

கைப்பிரேக்கை இறக்கினார்கள். கார் அசைந்தது, உருண்டது, சாவகாசமாகப் புறப்பட்டு வேகம் பிடித்தது. ஜெயக்கொடியின் கால் மிதிமேல் இருந்தது, அது மிதி மிதி என்றது, இருபத்தைந்து வருசமாக எல்லாத்துக்கும் முன்கூட்டியே மிதித்துப் பழகிய கால், தெருமுனைக்கு முன்னமே, லாரி கண்ணில் படுவதற்கு முன்னமே மிதித்த கால், இப்போது மிதித்தால் கார் மெல்ல நின்றுவிடும், மெல்ல நின்றால் மிச்சம் ஒன்றும் இருக்காது, மிச்சம் இல்லையென்றால் பிள்ளை அசையாது, மிதிக்காமல் இருக்க வேண்டும், வீடுகள் போகின்றன, வேப்பமரம் போகிறது, மகள் முகம் பெரிசாகிக்கொண்டே வருகிறது, "மிதி, அடியே மிதி" என்று வீரணன் அலறுகிறான், அவள் மிதிக்கவில்லை, மீனா கண்ணை மூடவில்லை, கண்ணாடி வழியாக அம்மாவையே பார்க்கிறாள், அந்தப் பார்வை அருகில் வந்து, மூக்குத்தி தெரிகிற தூரத்துக்கு வந்து, அப்போது ஜெயக்கொடி மிதித்தாள். மிதித்துப் பிடித்துக்கொண்டாள்.

கார் நின்றது. டயர் எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஜெயக்கொடி திரும்பிப் பார்த்தபோது, வீரணனின் வலது கால் அந்தத் தகரக் குழியில் அழுந்திக் கிடந்தது, நெற்றியில் வேர்வை சொட்டியது.

மீனா "எம்மா" என்றாள். அப்புறம் நடக்க ஆரம்பித்தாள். காரைச் சுற்றிக்கொண்டு, மேட்டைப் பார்த்து, தெருவில் ஏறி, வீடுகளைத் தாண்டி, மலைரோட்டைப் பிடித்து நடந்தாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நடுநடுவே நின்று மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள், பின்னால் ஜெயக்கொடி ஓடினாள், நர்ஸ் பையோடு ஓடினாள், பாயும் சேலையும் வெந்நீர்ப் பானையுமாகப் பெண்கள் ஓடினார்கள், ஏற்கெனவே உட்கார மாட்டாத ஊர், சொல்லவா வேண்டும், மொத்தமும் மலையேறிற்று. வீரணன் அவசரமாக டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து, இன்ஜினைப் போட்டு, காரைத் திருப்புவதற்காகக் கொஞ்சம் முன்னால் எடுத்தான். எலுமிச்சம்பழம் டயருக்கடியில் நசுங்கிய சத்தம் அவன் காதில் விழவில்லை.

முதல் வளைவில், கார் மூலையைப் பெயர்த்த அந்தத் தடுப்புக்கல்லுக்கு வந்ததும், மீனா கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெண்கள் சேலைகளை விரித்துச் சுற்றிப் பிடித்தார்கள். "இன்னும் கொஞ்சம் முக்கு தாயி, இன்னும் கொஞ்சம், இப்பப் பிடிச்சுக்க" என்று நர்ஸ் சொல்லச் சொல்ல ஜெயக்கொடி மகளின் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பொட்டப்பிள்ளை. வந்ததும் வராததுமாக ரெண்டு காலையும் உதைத்துக்கொண்டு கத்திற்று.

நர்ஸையும் மீனாவையும் பின்சீட்டில் ஏற்றி, பிள்ளையை ஜெயக்கொடியின் மடியில் கொடுத்து, வீரணன் காரை இறக்கினான். ஊர் குறுக்குவழியில் இறங்கி முன்னாலேயே போய்விட்டது. கோட்டில் வரிசையாக நின்றார்கள், இன்றைக்கு வருகிற ஓட்டம் விசேசமான ஓட்டம் என்று வேறு நாளில் நிற்காதவர்கள்கூட நின்றார்கள். கார் வந்து கோட்டுக்குச் சற்று மேலே எப்போதும்போல நின்றது. ஒருத்தரும் அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்தார், அவரைப் பார்த்து இன்னொருவர், அப்படியே ஒவ்வொருவராகத் தரையிலும் படியிலும் கல்லிலும் உட்கார்ந்தார்கள், எத்தனையோ மாசத்துக் களைப்போடு உட்கார்ந்தார்கள்.

"என்னப்பா, ஒண்ணும் வரலியே?" என்றார் சன்னாசி. குரலில் வருத்தம் தெரிந்தது.

வீரணன் இறங்கிப் போய் இடது முன்சக்கரத்தைப் பார்த்தான், டயரில் மஞ்சள் தோல் ஒட்டியிருந்தது. இடது பக்கக் கதவைத் திறந்தான். ஜெயக்கொடி இறங்கவில்லை. அவள் சீட்டின்மேல் ரெண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், மலையிலிருந்து இறங்கியது முழுக்க அப்படித்தான் உட்கார்ந்து வந்திருந்தாள், அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. மடியில் கிடந்த பிள்ளை துணியை விலக்கிக்கொண்டு, வலது காலால் அவள் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

"மிதி தாயி, மிதி" என்றாள் ஜெயக்கொடி.